வைரஸுக்கு நிறம் இல்லை

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் அக்கா. நாடு சுதந்திரம் அடைந்த வருடம் அது. எனக்குப் பதினான்கு வயது. வீட்டுக்குப் பின்னால் நின்ற மிளகாய்ச் செடிகளில் பழுத்ததை மட்டும் பறித்து வரச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் கொட்டாங்கச்சி நிறையப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"ஏலே, பழுத்தத பறிக்கச் சொன்னா பிஞ்சு, காயி எல்லாத்தையும் சேத்து மொட்டையடிச்சிட்டு வந்திருக்கியே. கண்ணு பொட்டையா ஒனக்கு?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு."

அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். கொட்டாங்கச்சியிலிருந்து இரண்டு மிளகாயை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, எது சிவப்பு என்று கேட்டாள். நான் ஒன்றைத் தொட்டேன். அவள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு மறுபடியும் நீட்டினாள். நான் மறுபடியும் தொட்டேன். அப்புறம் வேலியிலிருந்து செம்பருத்தி, தன் தலையிலிருந்து ரிப்பன், அம்மையின் பழைய சேலை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சோதித்தாள். முடிவில் என் தலையில் கைவைத்து, "பயப்படாத மக்கா, ஒண்ணுமில்ல" என்றாள். அதுவரை நான் பயப்படவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியுது இல்லியா? பின்ன என்ன?" என்றார். அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

எங்கள் விளை, அதாவது மேட்டுத் தோட்டம், மார்த்தாண்டத்துக்கு வடக்கே ஒரு குன்றுச் சரிவில் இருந்தது. பெரும்பகுதி மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி, ஓரத்தில் வாழை. யுத்தம் முடிந்தும் ரேஷன் அரிசி ஒழுங்காகக் கிடைக்காத காலம். காலையில் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு, நடுவில் கிடைத்தால் கஞ்சி. கிழங்கும் மீன்கறியும் இன்று ஓட்டலில் விருந்துபோலப் பரிமாறுகிறார்கள். அன்று அது மட்டும்தான் இருந்தது. ஆகவே மரச்சீனி இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேமல் விழத் தொடங்கியபோது ஊரே கலங்கிப் போயிற்று. தேமல் விழுந்த மூட்டில், அதாவது செடியில், கிழங்கு விரல் பருமனுக்கு மேல் வைக்கவில்லை.

தக்கலையிலிருந்து ஒரு விவசாய ஆபீசர் வந்தார். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு எங்கள் விளையில் நடந்தார். இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, வைரஸ் என்றார். அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது பாக்க எப்பிடி இருக்கும் சார்?" என்று கேட்டேன்.

"நான் பாத்ததில்ல தம்பி. லென்ஸ் வச்சாலும் தெரியாது. அவ்வளவு சின்னது. கம்புக்குள்ளேயே இருக்கும்." அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "சீக்கு உள்ள மூட்டிலேருந்து கம்பு வெட்டி நடாதீங்க. நல்ல மூடாப் பாத்து அடையாளம் கட்டி வைங்க."

அவர் போன பிறகு அப்பாவும் அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கமாக அடையாளம் கட்டினோம். வாழை நாரைக் கிழித்து நல்ல மூட்டில் கட்ட வேண்டும். அவர்கள் இருவரும் மஞ்சளைத் தேடினார்கள். எனக்கு அந்த மஞ்சள் சரியாகப் பிடிபடவில்லை. இலையைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். மரச்சீனி இலை விரித்த கைபோல இருக்கும். சில மூட்டில் அந்த விரல்கள் நேராக நீண்டிருந்தன. சில மூட்டில் ஏதாவது ஒரு விரல் குறுகியோ ஒரு பக்கமாக வளைந்தோ இருந்தது. வளைந்ததையெல்லாம் விட்டுவிட்டு மற்றதில் மட்டும் நார் கட்டினேன்.

அப்பா என் வரிசைக்கு வந்து பார்த்தார். "இந்த மூட்டுக்கு என்ன கேடு? பச்சப் பசேல்னு நிக்கே, ஏன் விட்ட?"

"ஒரு வெரலு கோணியிருக்கு அப்பா."

"கோணினா என்ன, மனுசனுக்குக்கூடத்தான் வெரலு கோணும்" என்றார். ஆனாலும் நான் கட்டிய மூடுகளின் கம்பைத் தனியே எடுத்துக் கிழக்கு மூலையில் நட்டார். நான் செய்தது தவறு என்று எனக்குக் காட்ட நினைத்திருக்கலாம்.

மழை பெய்து இலை விரிந்தபோது மற்ற இடங்களில் மறுபடியும் தேமல் தலைகாட்டியது. கிழக்கு மூலையில் மிகக் கொஞ்சம். அப்பா வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "கொள்ளாமே, நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். அடுத்த வருடத்திலிருந்து கம்பு தேர்வது என் வேலையாயிற்று.

இன்று ஆராய்ச்சிக்காரனாக யோசித்தால், ஒரு மூலையில் ஒரு தடவை நட்டது எதையும் நிரூபிக்காது. காற்று அந்தப் பக்கம் அடிக்காமல் இருந்திருக்கலாம். நோயைச் சுமந்துவரும் பூச்சி அந்த மூலைக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் பதினைந்து வயதில் இதெல்லாம் தோன்றாது. கண்ணுக்கே தெரியாத ஒன்று இலையின் வடிவத்தைப் பிடித்து முறுக்குகிறது, அந்த முறுக்கலை நான் பார்த்துவிட்டேன் என்று மட்டும் தோன்றியது. அந்த ஒன்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்ததுதான்.

நாகர்கோவிலில் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தேன். வைரஸைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வகுப்பில் குறைவில்லை. லேபில்தான் வினை. பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழே குடுவையில் மஞ்சளாக இருக்கும் திரவம் எந்தச் சொட்டில் சிவக்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். என் குடுவையில் எதுவுமே நடக்கவில்லை. நான் பியூரெட்டைக் காலி செய்துவிட்டு நின்றேன்.

பக்கத்து மேசையில் நின்றவன் தக்கலைக்காரன். அவனுடைய வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. அவன் என் குடுவையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மக்கா, கஷாயமா காய்ச்சுதே? எப்பமோ செவந்தாச்சே!"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவனே என் கண்ணானான். தன் வேலையைச் செய்துகொண்டே கழுத்தைத் திருப்பி என் குடுவையைப் பார்த்து மெதுவாகச் சொல்வான். ஜவுளிக்கடைப் பையன் அல்லவா, மஞ்சள் சிவப்பு என்று சாதாரணமாகச் சொல்ல அவனுக்கு வராது. "இப்பம் எலுமிச்சை. இன்னும் எலுமிச்சைதான். பைய விடு. பைய... ஆங், வெங்காயத்தொலி வந்தாச்சு, நிறுத்து!" என்பான். எங்களுக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

செய்முறைப் பரீட்சையில் அவனுக்கு வேறு மூலையில் இடம் போட்டுவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பியூரெட்டை நிரப்பிவிட்டுச் சும்மா நின்றேன். அவர் அருகில் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்.

"எனக்குச் சிவப்பு தெரியாது சார்."

"தெரியாது என்றால்?"

"பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நிறம் தெரியாதவன் கெமிஸ்ட்ரி லேபில் என்ன செய்கிறாய்?"

"படிக்கிறேன் சார்."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "உனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படிச் செய். நான் இங்கேயே நிற்கிறேன்" என்றார்.

குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து, பக்கத்தில் வேறொரு குடுவையில் அதே திரவத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டேன். நிறத்தை விட்டுவிட்டு எது கருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஒரு சொட்டில், இரண்டு குடுவைக்கும் நடுவே ஒரு மெல்லிய நிழல் வித்தியாசம் வந்ததுபோல இருந்தது. நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தியிருந்தேன். ஆனால் ரொம்பத் தூரம் இல்லை.

"பாஸ் போடுகிறேன்" என்றார் அவர். "மேலே போய் கெமிஸ்ட்ரி எடுக்காதே. உனக்கும் கஷ்டம். பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து."

அவர் சொன்னதில் கோபப்பட எதுவும் இல்லை. ஆனால் அன்று நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்ணில் பதியவில்லை. தாவரவியல் எடுக்கலாம் என்றால் அங்கேயும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றித்தான் பார்க்கிறார்கள். டாக்டர் படிப்பும் அப்படியே. எனக்கு வேண்டியதைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு வழியிலும் யாரோ நிறத்தைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

மனமில்லாமல்தான் பி.எஸ்ஸி.க்கு இயற்பியல் எடுத்தேன். தக்கலை நண்பனும் அதையே எடுத்தான். "ஒன்ன தனியா விட்டா லேபைக் கொளுத்திருவ" என்று காரணம் சொன்னான்.

அங்கே ஒரு விரிவுரையாளர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சென்னையில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தார். பாடம் நடத்தும்போது பதற்றத்தில் சுண்ணக்கட்டியை இறுக்கிப் பிடிப்பார், அது ஒடியும். ஒரு நாள் ஒளி அலையைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு அலைநீளம். அந்த நீளத்தைவிட மிகச் சிறிய பொருளை எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் வெளிச்சத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது என்றார்.

நான் எழுந்தேன். "வைரஸ் சார்?"

"வைரஸ் அதைவிடச் சிறியது."

"அப்படியானால் அதன் நிறம்?"

அவர் சற்று யோசித்தார். "நிறமா? அதுக்கு நிறம் என்ற பேச்சே இல்லை. நிறம் என்பது வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்டது. வைரஸ் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டால் அது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வடிவம் மட்டும்தான் உண்டு."

நான் உட்கார மறந்து நின்றேன். அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் வராந்தாவில் நண்பனைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டியா மக்கா? அதுக்கு நெறமே இல்லியாம்!"

"அதுக்கு நீ ஏம்லே துள்ளுதே?"

"அதுக்க முன்னால நீயும் நானும் ஒண்ணுதாம்லே! ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது!"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு அவனுக்கும் புரிந்துவிட்டது. கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் பழம்பொரி வாங்கினான்.

மறுநாள் விரிவுரையாளரைத் தேடிப் போனேன். வெளிச்சத்தால் முடியாததை எக்ஸ்ரே செய்யும் என்றார். அதன் அலை மிகக் குட்டையானது. ஒரே மாதிரியான துகள்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கும் படிகத்தின் வழியே அதைச் செலுத்தினால், பின்னால் வைத்த பிலிமில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அழுத்தத்தையும் வைத்து, உள்ளே இருப்பதன் வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். புகையிலைச் செடியின் தேமல் வைரஸை வெளிநாட்டில் அப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஒரு புத்தகத்தைப் புரட்டி ஒரு படிகத்தின் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள். சில அழுத்தமாக, சில மங்கலாக. வேறு எந்த நிறமும் இல்லை. என் கண்ணுக்கென்றே அச்சடித்ததுபோல இருந்தது.

ஐம்பத்து நாலில் பட்டம் வாங்கினேன். மேலே படிக்க வசதி இல்லை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி எங்கள் பக்கம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. துப்பாக்கிச் சூடு நடந்து, பஸ்கள் நின்று, சந்தை மூடிக் கிடந்தது. அக்கா அதற்குள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். அங்கே எக்ஸ்ரே அறையில் பிலிம் கழுவ ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். இயற்பியல் பட்டதாரி பிலிம் கழுவப் போவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான் சந்தோஷமாகப் போனேன்.

இருட்டறையில் ஒரே ஒரு சிறு விளக்கு எரியும். அது சிவப்பு என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மங்கல் வெளிச்சத்தில் தட்டில் கிடக்கும் பிலிமில் ஒரு கையெலும்போ நெஞ்சுக்கூடோ மெல்ல எழுந்து வரும். சாம்பலில் எத்தனை சாம்பல் உண்டு என்று அங்கேதான் படித்தேன். ஈர நுரையீரலின் சாம்பல் ஒன்று, காற்று நிறைந்ததன் சாம்பல் வேறொன்று. அக்கா சில சமயம் கதவுக்கு வெளியே நின்று, "உயிரோட இருக்கியா மக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். பிலிம் கழுவும் ஹைப்போ கரைசலின் நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது. அம்மை என் துணியைத் தனியாகத்தான் துவைப்பாள்.

ஐம்பத்தாறில் விரிவுரையாளர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். சென்னையில் அவருடைய பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு உதவியாளர் வேண்டும். எக்ஸ்ரே பிலிமில் பழக்கம் இருந்தால் நல்லது. நேரில் வரும்போது உடல்தகுதிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கண்ணின் கதை அவருக்குத் தெரியும்.

நாகர்கோவிலில் டாக்டர் என் நெஞ்சு, முதுகு, பல் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு சின்னப் புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வட்டங்கள்.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பர் எதுவும் இல்ல சார்."

அடுத்த பக்கம். அதிலும் இல்லை. அவர் புத்தகத்தை மூடினார். இரக்கமான மனிதர். "நான் எழுதாம இருக்க முடியாது தம்பி."

"எழுதுங்க சார்."

வெளியே அக்கா காத்துக்கொண்டிருந்தாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போகாம இருந்திரப் போறியா?"

"வேண்டாம்னு சொல்லுகது அவங்க வேல. நான் ஏன் இஞ்சயே நின்னு அவங்களுக்காகச் சொல்லணும்?"

"அப்பிடிச் சொல்லு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நர்ஸ் கை, வலித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயில் ஏறினேன். விடிந்து பார்த்தபோது நிலம் தட்டையாகக் கிடந்தது. மலை இல்லாத இடத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பேராசிரியர் சின்ன உருவம். மேசைமேல் கம்பியும் பந்துமாக ஏதோ ஒரு மூலக்கூறின் மாதிரி வடிவம் பாதி கட்டி நின்றது. சான்றிதழை இரண்டு தடவை படித்தார்.

"டிராபிக் விளக்கு பார்க்கத் தெரியுமா?"

"எங்கள் ஊரில் இல்லை சார்."

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. இழுப்பறையிலிருந்து ஒரு பிலிமை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார். "இதில் என்ன தெரிகிறது, சொல்."

வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவில் பெரிய கறுப்பு. சுற்றிலும் புள்ளிகள், வரிசை வரிசையாக. எந்த வரிசை அழுத்தம், எது மங்கல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். "இங்கே ஒரு வரிசை இருக்கிறதுபோல இருக்கிறது சார். ரொம்ப லேசாக."

"எங்கே?"

விரலால் காட்டினேன். அவர் பிலிமை வாங்கித் தன் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அப்பாலும் இப்பாலும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சான்றிதழை மடித்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "இங்கே நமக்கு வேண்டியது சாம்பல் மட்டும்தான். திங்கட்கிழமை வந்துவிடு."

முதல் சில மாதங்கள் சாதாரண உப்புகளின் படிகங்கள்தான். வளர்ப்பது, ஒட்டுவது, படம் எடுப்பது, கணக்குப் போடுவது. நடுவில் நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. விடுதியில் என் பேச்சைக் கேட்டு மலையாளியா என்று கேட்டவர்களிடம், இப்போது நானும் உங்கள் மாகாணம்தான் என்று சொல்லிக்கொண்டேன். அப்போதும் நம்பவில்லை.

மரச்சீனியின் வைரஸைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் பேராசிரியரிடம் சொன்னேன். அதைச் செடியிலிருந்து பிரித்தெடுக்கவே இன்னும் யாருக்கும் வழி தெரியாது என்றார். கடைசி அறையில் வேலை செய்யும் அம்மாவைப் போய்ப் பார் என்று அனுப்பினார்.

அந்த அம்மா மைசூர்ப் பக்கம். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். தேமல் பிடித்த புகையிலை இலையை அம்மியில் கூழாக அரைத்து, வடித்து, இயந்திரத்தில் சுழற்றி, வைரஸை மட்டும் கண்ணாடிபோன்ற ஒரு களியாக எடுத்து வைத்திருந்தார். அதை மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்துப் படம் எடுக்க வேண்டும். ஒழுங்கான படிகம் இல்லை என்பதால் படம் கலங்கலாக வரும். அதனாலேயே கூடத்தில் யாரும் அந்த வேலைக்கு வர விரும்பவில்லை.

"நிஜமாகவா கேட்கிறாய்?" என்றார். "வருஷக்கணக்கில் கலங்கலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்."

"பார்க்கிறேன் அம்மா."

நான் முதலில் இழுத்த குழாய்கள் எல்லாம் உடைந்தன. களி காய்ந்து போயிற்று. மறுபடியும் இலை அரைத்தோம். கடைசியில் ஒரு குழாய் நின்றது. அதை எக்ஸ்ரேயின் முன்னே பொருத்தி, நாட்கணக்கில் ஓடவிட்டோம். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று நானும் அந்த அம்மாவும் மாறிமாறி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிலிமைக் கழுவியது நான். தட்டில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நடுவே புகைபோல ஒரு கறுப்பு. அதற்கு மேலும் கீழும் குறுக்குக் குறுக்காகச் சில கோடுகள், துடைத்தால் போய்விடுமோ என்பதுபோல. ஈரம் சொட்டச் சொட்ட அதை வெளியே கொண்டுவந்தேன். அந்த அம்மா ஓடிவந்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"எனக்கு மூன்று கோடு தெரிகிறது. உனக்கு?"

"நாலு."

"நாலாவது எங்கே?"

காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு படம் எடுத்தால் தெரியும்."

"இலை இருக்கிறதா?"

"இருக்கிறது."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அம்மியைக் கழுவப் போனேன்.